அணுகினால் பாஸ்

டெக்சாஸில், டல்லாஸை ஒட்டிய ஓர் ஊர். ஏப்ரல் மாதத்து இரவு. மணி எட்டுகூட ஆகவில்லை, அதற்குள் மூன்றாம் வகுப்புப் பேத்தியைத் தூங்க வைத்தாயிற்று. நாளைக்கு அவளுக்கு 'ஸ்டார்' தேர்வு. நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாநிலம் முழுக்க நடக்கும் தேர்வின் பெயர்ச் சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது. சமையலறை மேஜையில் இரண்டு பேர். ஒருவர் ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் மாமனார், தாலுகா ஆபீஸில் 34 வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் மாப்பிள்ளை. சத்தம் போடாமல் பேச உத்தரவு. யாருடைய உத்தரவு என்று சொல்ல வேண்டியதில்லை.

மாமனார்: டிவி போட்டால் திட்டுகிறாள், இருமினால் முறைக்கிறாள். குழந்தை நாளைக்கு ஐஏஎஸ்ஸா எழுதப் போகிறது மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது மாமா. சீக்கிரம் தூங்க வேண்டும், காலையில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், பதற்றப்படக் கூடாது.

மாமனார்: பதற்றப்படாதே என்று கடிதம் போட்டால் யாருக்குத்தான் பதற்றம் வராது? அதுவரை அவள் பாட்டுக்கு நாய்க்குட்டி படம் வரைந்துகொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை: போன வாரம் பெரிய ஹாலில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பாட்டுப் போட்டு, 'நம்மால் முடியும்' என்று கோஷம் போடச் சொன்னார்களாம்.

மாமனார்: கட்சிக் கூட்டம் மாதிரி. பொட்டலம் உண்டா?

மாப்பிள்ளை: பெப்பர்மின்ட் மிட்டாய் கொடுத்தார்கள். நேற்று அவளைக் கூப்பிடப் போனபோது பார்த்தேன், வகுப்புச் சுவரில் இருந்த வாய்ப்பாடு, சொல் பட்டியல் எல்லாவற்றையும் பழுப்புக் காகிதம் ஒட்டி மூடிவிட்டார்கள். பார்த்து எழுதிவிடக் கூடாதாம்.

மாமனார்: நான்தான் சொன்னேனே, கட்சிக் கூட்டம் முடிந்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டன. தலைவர் சிலைக்குத் துணி சுற்றுகிற அதே வேலை.

மாப்பிள்ளை: உங்களுக்குத் தேர்வே பிடிக்காதோ?

மாமனார்: யார் சொன்னது? நான் தேர்வால் பிழைத்தவன். என் அப்பாவுக்கு எம்எல்ஏவையும் தெரியாது, எம்எல்ஏ டிரைவரையும் தெரியாது. சர்வீஸ் கமிஷன் விடைத்தாளில் என் பெயர் இல்லை, தெரு இல்லை, யார் பிள்ளை என்பதும் இல்லை. வெறும் எண். அந்த எண் மட்டும் இல்லையென்றால் உங்களுக்குப் பெண் கொடுக்கிற நிலைமைக்கு நான் வந்திருக்க மாட்டேன்.

மாப்பிள்ளை: *(அந்த எண்ணைப் பற்றி ஒரு கணம் யோசித்துவிட்டு)* இங்கேயும் அதைத்தான் சொல்கிறார்கள் மாமா. முன்னெல்லாம் பள்ளியின் சராசரி அழகாக இருக்கும். அதற்குள்ளே கறுப்பினப் பிள்ளைகள், வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. 2002இல் புஷ் கையெழுத்துப் போட்ட சட்டம், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை வருடா வருடம் வாசிப்பும் கணக்கும் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு பிரிவின் மதிப்பெண்ணையும் தனியாகக் காட்ட வேண்டும் என்றது.

மாமனார்: கூட்டுப் பட்டா மாதிரி. மொத்தம் இரண்டு ஏக்கர் என்று இருக்கும், யாருக்கு எவ்வளவு என்று தெரியாது. உட்பிரிவு செய்தால்தான் தங்கச்சி பங்கை அண்ணன் உழுதது வெளியே வரும். நல்ல சட்டம்தானே?

மாப்பிள்ளை: அதோடு நின்றிருந்தால். 2014க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேறிவிட வேண்டும் என்றும் அதில் எழுதினார்கள்.

மாமனார்: நூற்றுக்கு நூறா! எங்கள் ஆபீஸில் அத்தனை பேரும் ஒரே நாளில் வந்ததே கிடையாது. சம்பள நாளையும் சேர்த்துச் சொல்கிறேன். தேறாவிட்டால்?

மாப்பிள்ளை: பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்குத்தான் தண்டனை. 2015இல் அந்தச் சட்டத்தை மாற்றித் தண்டனையை மாநிலங்களின் இஷ்டத்துக்கு விட்டார்கள், தேர்வு மட்டும் நகரவில்லை. டெக்சாஸில் பள்ளிக்கே ஏ முதல் எஃப் வரை கிரேடு உண்டு. வீடு விற்கிறவர்கள் விளம்பரத்தில் பள்ளியின் ரேட்டிங்கைப் போடுகிறார்கள்.

மாமனார்: அப்படியானால் இந்த வீட்டு விலை, எட்டு வயதுக் குழந்தையின் கழித்தல் கணக்கில் தொங்குகிறதா? அவளை எழுப்புங்கள், கடன் வாங்கிக் கழிப்பதில் கொஞ்சம் தடுமாறினாள்.

மாப்பிள்ளை: மாமா! மெதுவாக!

மாமனார்: சரி சரி. எனக்கு இப்போது விளங்கிவிட்டது. இது தேர்வே இல்லை, ஜமாபந்தி.

மாப்பிள்ளை: அது என்ன, கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறது?

மாமனார்: வருடத்துக்கு ஒரு தடவை பெரிய அதிகாரி வந்து கிராமக் கணக்குகளைச் சரிபார்ப்பார். ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துவிடுவோம். அடங்கலில் விட்டுப்போன பயிரெல்லாம் விளையும். செத்தவர் கையெழுத்துக்கூட வந்து சேரும். சரிபார்க்க வருவது கணக்கை என்றால், நாங்கள் சரி செய்வதும் கணக்கைத்தானே? அதற்காக ஏரியையா போய்த் தூர் வாருவோம்?

மாப்பிள்ளை: இதை நீங்கள் அட்லாண்டாவில் சொல்லியிருக்க வேண்டும். அங்கே மதிப்பெண் சடசடவென்று ஏறியது, ஊரே மெச்சியது. அப்புறம் பார்த்தால், ஆசிரியர்களே உட்கார்ந்து பிள்ளைகளின் தப்பு விடைகளை அழித்துச் சரியாக்கியிருக்கிறார்கள். 2011இல் வந்த விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 பேர்.

மாமனார்: அடேயப்பா. கண்டுபிடித்தது எப்படி?

மாப்பிள்ளை: விடைத்தாளில் அழித்த தடயங்களை எண்ணிப் பார்த்தார்கள். தப்பை அழித்துச் சரியாக்கியது அளவுக்கு மீறி இருந்தது.

மாமனார்: அனுபவம் போதாது. நடுவில் நாலு சரியை அழித்துத் தப்பாக்கியிருக்க வேண்டும். எங்கள் பழைய கர்ணமாக இருந்தால் பேனா மையின் நிறத்தையே மூன்று விதமாக மாற்றியிருப்பார். சரி, என்ன செய்தார்கள்? வேறு ஊருக்கு மாற்றலா?

மாப்பிள்ளை: 2015இல் 11 பேருக்குத் தண்டனை. அதுவும் மாஃபியா கும்பலைப் பிடிக்கப் போட்ட மாதிரியான சட்டத்தில்.

மாமனார்: குண்டர் சட்டமா? ரப்பர் வைத்திருந்ததற்கா?

*(மாடியில் ஒரு கதவு திறக்கும் சத்தம். இருவரும் பள்ளிப் பிள்ளைகளைப்போல வாயில் விரல் வைக்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது.)*

மாப்பிள்ளை: *(குசுகுசுவென்று)* ஹூஸ்டன் கதை இன்னும் பெரிது. ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து வருடம் தேறவில்லை என்றால், ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அந்தக் கல்வி மாவட்டத்தையே மாநிலம் எடுத்துக்கொள்ளலாம் என்று இங்கே 2015இல் சட்டம் போட்டார்கள். 2023இல் ஹூஸ்டன் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டார்கள். தேறாத ஓர் உயர்நிலைப் பள்ளியைத்தான் முக்கியமாகக் காட்டினார்கள்.

மாமனார்: ஒரு விஏஓ கணக்கு தப்பாகிவிட்டதென்று கலெக்டரைத் தூக்குவது. எங்களிடம் தலைகீழாக நடக்கும். சரி, நம் பிள்ளை எத்தனை மார்க் எடுத்தால் பாஸ்?

மாப்பிள்ளை: மார்க்கைவிட நாலு படிதான் முக்கியம். முதல் படி, 'எட்டவில்லை'. இரண்டாவது, 'அணுகுகிறார்'. மூன்றாவது, 'எட்டினார்'. நாலாவது, கரைத்துக் குடித்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனார்: எட்டினால் பாஸ்.

மாப்பிள்ளை: இல்லை. அணுகினாலே பாஸ்.

மாமனார்: என்னது?

மாப்பிள்ளை: 'அணுகுகிறார்' என்பதுதான் தேர்ச்சி.

மாமனார்: நான் பஸ் ஸ்டாண்டை அணுகினால் மதுரை போய்ச் சேர்ந்ததாக அர்த்தமா? பெண் பார்க்க வந்தபோது நீங்கள் எங்கள் தெருவை அணுகினீர்கள். அன்றைக்கே தாலி கட்டியாயிற்று என்று யாராவது சொன்னார்களா?

மாப்பிள்ளை: மாமா, நான் வைத்த விதி இல்லை.

மாமனார்: போகட்டும். கேள்வியெல்லாம் எப்படி இருக்கும்?

மாப்பிள்ளை: பத்தியைப் படித்து விடை சொல்ல வேண்டும். ஒரு பெண் கவிஞர், தன் கவிதைகளை டெக்சாஸ் தேர்வில் போட்டிருந்ததைப் பார்த்து உட்கார்ந்து விடை சொல்லிப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. 2017இல் அவரே எழுதினார். கவிஞர் இந்தக் கவிதையை ஏன் இரண்டு பத்தியாகப் பிரித்தார் என்று ஒரு கேள்வி. மேடையில் வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்துவேன், அவ்வளவுதான் என்கிறார் அவர்.

மாமனார்: கொடுத்திருந்த நாலு விடைகளில் அது இல்லை.

மாப்பிள்ளை: எப்படித் தெரியும்?

மாமனார்: உண்மையான காரணத்துக்குப் படிவத்தில் கட்டம் இருந்ததாக நான் பார்த்ததே இல்லை.

மாப்பிள்ளை: இதைக் கேளுங்கள். நியூயார்க் மாநிலம், 2012, எட்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு. பேசுகிற அன்னாசிப்பழம் ஒன்று முயலைப் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறது.

மாமனார்: ஆமை இல்லையா?

மாப்பிள்ளை: அன்னாசிப்பழம். அதற்குக் கால் இல்லை. அது இவ்வளவு தைரியமாகக் கூப்பிடுகிறதென்றால் சட்டைக்கைக்குள் ஏதோ தந்திரம் ஒளித்து வைத்திருக்கிறது என்று மற்ற மிருகங்கள் அதன் பக்கம் சேர்கின்றன. பந்தயம் தொடங்குகிறது. முயல் ஓடிவிடுகிறது. பழம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது.

மாமனார்: அப்புறம்?

மாப்பிள்ளை: அவ்வளவுதான். முயல் ஜெயித்தது. மிருகங்கள் பழத்தைத் தின்றுவிட்டன. நீதி: அன்னாசிப்பழத்துக்குச் சட்டைக்கை கிடையாது.

மாமனார்: *(நீண்ட நேரம் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு)* நீங்கள் நாளைக்கு ஆபீஸ் போக வேண்டுமா?

மாப்பிள்ளை: நிஜமாகவே வந்தது மாமா! சட்டைக்கைக்குள் தந்திரம் என்பது ஆங்கில வழக்கு. நம் பேச்சில் உள்குத்து.

மாமனார்: மடியில் ஏதோ முடிந்து வைத்திருக்கிறான் என்போம். அப்படியானால் நம் பக்கத்து நீதி, 'அன்னாசிப்பழம் வேட்டி கட்டாது'. கேள்வி என்ன?

மாப்பிள்ளை: மிருகங்கள் பழத்தை ஏன் தின்றன? எரிச்சலிலா, பசியிலா என்பதில்தான் பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை.

மாமனார்: பசி. பழம் வேறு எதற்கு இருக்கிறது?

மாப்பிள்ளை: எரிச்சல் என்பதுதான் அவர்கள் விடை.

மாமனார்: எரிச்சலில் யாராவது அன்னாசி தின்பார்களா? அதைத் தின்றால்தான் நாக்கு எரியும். காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை: இரண்டாவது கேள்வி. கதையில் வருகிறவர்களில் யார் புத்திசாலி?

மாமனார்: முயல். ஜெயித்தது அது.

மாப்பிள்ளை: ஆந்தை.

மாமனார்: ஆந்தை எப்போது வந்தது?

மாப்பிள்ளை: பழத்துக்குச் சட்டைக்கை இல்லை என்று நடுவிலேயே சொன்னது அதுதான். நான் சொல்ல மறந்துவிட்டேன்.

மாமனார்: கேள்வித்தாளில் பாதியை மறைத்துவிட்டு என்னை ஃபெயில் ஆக்குகிறீர்கள். நான் மனு போடுவேன்.

மாப்பிள்ளை: நிறையப் பேர் சத்தம் போட்டார்கள். அந்தக் கேள்விகளைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று மாநிலமே அறிவித்துவிட்டது. அதே நியூயார்க்கில் 2015இல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பிள்ளையைப் பெற்றோர் தேர்வே எழுத விடவில்லை. ஆனால் அதே வருடம் சிவில் உரிமை அமைப்புகள் பல, புறக்கணிக்காதீர்கள், எங்கள் பிள்ளைகளின் கணக்கு மறுபடி மறைந்துவிடும் என்றன.

மாமனார்: உட்பிரிவு கேட்கிறவர்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். பட்டா தப்பாக இருக்கிறதென்று பட்டாவே வேண்டாம் என்றால் நிலம் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். *(சற்று நிறுத்தி)* ஆனாலும் அன்னாசிப்பழம் கொஞ்சம் அதிகம்.

மாப்பிள்ளை: மாசசூசெட்ஸில் பத்தாம் வகுப்பு மாநிலத் தேர்வில் தேறினால்தான் பள்ளிச் சான்றிதழ் என்று இருந்தது. 2024இல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டு அதை எடுத்துவிட்டார்கள். நம் டெக்சாஸும் 2025இல் ஸ்டார் தேர்வை ஒழிக்கச் சட்டம் போட்டாயிற்று.

மாமனார்: அட, நல்ல செய்தியை ஏன் கடைசியில் சொல்கிறீர்கள்? அப்போது அவளுக்குத் தொல்லை விட்டது.

மாப்பிள்ளை: 2027-28இலிருந்து. இவள் ஐந்தாம் வகுப்பு போகும்போது. அதற்குப் பதிலாக வருடத் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று.

மாமனார்: ஒன்றை ஒழித்துவிட்டு மூன்றா?

மாப்பிள்ளை: சின்னச் சின்னத் தேர்வுகள் மாமா. இங்கே பெயர் மாறுவது புதிதில்லை. 1980இல் டேப்ஸ், 1986இல் டீம்ஸ், 1990இல் டாஸ், 2003இல் டாக்ஸ், 2012இல் ஸ்டார்.

மாமனார்: எங்கள் தெருவுக்கும் நாலு தடவை பெயர் மாற்றினார்கள். பள்ளம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது, இருட்டில்கூட நான் தாண்டிவிடுவேன்.

*(மாடியிலிருந்து மாமியாரின் குரல், தேர்வு நாளுக்கு முந்தைய இரவுக்கு ஏற்ற அளவில்: "பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" மாத்திரை மேஜையில், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில், அட்டையிலிருந்து பிரிக்கப்படாமல் இருக்கிறது.)*

மாமனார்: *(டம்ளரைக் கையில் எடுத்து)* அணுகிக்கொண்டிருக்கிறேன்!