சேன் தீவு முழுக்கக் காலியாகவில்லை

"டிகோலின் ஜூன் 18 உரையைக் கேட்ட அன்றிரவே சேன் தீவு மொத்தமும் இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டது" என்றும், தீவே "காலியானது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, போரைத் தொடரச் சொல்லி பிரெஞ்சுத் தளபதி டிகோல் லண்டன் வானொலியில் பேசியதுதான் அந்த உரை. பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியின் மேற்கு முனைக்கு அப்பால் கடலில் இருக்கும் அந்தத் தீவில் அந்த உரையை நேரடியாகக் கேட்டவர்கள் இருந்திருந்தாலும் மிகச் சிலரே. 22ஆம் தேதி வாக்கில்தான் லண்டன் வானொலியில் வந்த டிகோலின் இன்னொரு அழைப்பை ஊரார் கூடிக் கேட்டார்கள். படகுகள் புறப்பட்டது 24, 26 தேதிகளில். போனவர்கள் சுமார் 130 ஆண்கள், பெரும்பாலும் மீனவர்கள்.

அப்புறம், தீவு காலியாகவும் இல்லை. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அங்கேயே இருந்தார்கள். சம்பாதிக்கும் கைகள் கடல் கடந்துவிட்ட நிலையில், ஜெர்மன் ஆக்கிரமிப்பு ஆண்டுகளைத் தாங்கியது அவர்கள்தான். "காலியானது" என்ற ஒரே சொல்லில் அந்தப் பெண்கள் காணாமல் போகிறார்கள், எனக்கு வருத்தமே அதுதான்.

"சேன் தீவு பிரான்சில் கால் பங்கு" என்று டிகோல் சொன்னதாக வழங்குவதும் ஜூலைத் தொடக்கத்தில் லண்டனில் திரண்ட முதல் சில நூறு தொண்டர்களில் சேன் தீவினரின் பங்கைப் பற்றித்தான், டிகோல் திரட்டிய சுதந்திர பிரான்ஸ் படை முழுவதையும் பற்றியல்ல.

1946 ஜனவரி 1 அன்று பிரான்சின் விடுதலைக்குத் துணைநின்றவர்களுக்காக டிகோல் ஏற்படுத்திய விடுதலைச் சிலுவை என்ற விருது சேன் ஊருக்கே வழங்கப்பட்டது. அந்த விருது பெற்ற ஊர்கள் மொத்தமே ஐந்து. பாரிஸும் நாந்த்தும் இருக்கும் பட்டியல் அது.