இலங்கை அரசியலமைப்பின் 29ஆம் உறுப்புரையையும் (பிரிவையும்) வாசியுங்கள்
போர் முடிந்த நாட்டில் உணவு, வீடு, கல்வியை அரசியலமைப்பில் எழுதிவிட்டால் மீதியை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கட்டுரை சொல்வது இலங்கைக்குப் பொருந்தவே இல்லை. 1978 அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையில் போதிய உணவு, உடை, வீட்டு வசதி எல்லாம் இருக்கிறது, ஆனால் 29ஆம் உறுப்புரையில் இவற்றை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, அடிப்படை உரிமை வழக்குப் போடலாம் என்றால் 126ஆம் உறுப்புரைப்படி உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள், நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தோர் முகாமின் முள்வேலிக்குள் இருந்த சனம் எப்படிப் போயிருக்கும்? என் அம்மா காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவர், பிரித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் ஊறி முத்திரை மட்டும்தான் மிச்சம், அதைக் காட்டிய இடத்திலெல்லாம் "தெளிவான பிரதி கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்காக, சிலர் சொல்வதுபோல் சட்டத்தால் பயனே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். அடுத்தவர் காணியில் 10 ஆண்டு தடையின்றி இருந்தவருக்கே அந்தக் காணி என்ற சட்டக் கணக்கில், போரால் வழக்குப் போட முடியாமல் போன உரிமையாளர்களுக்காக அந்தப் போர்க் காலத்தைக் கழித்துவிட 2016இல் தனிச் சட்டமே வந்தது. காணிக்குச் செய்ய முடிந்ததை வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் ஏன் செய்யக்கூடாது, முதலில் அந்த 29ஐ நீக்குங்கள்.