தோலில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான்

வருஷக் கடைசி மதிப்பீட்டுக்குக் காத்திருக்காமல், வாரம் ஒருமுறை நம் வேலையை நாமே அளந்து பார்க்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான், ஆனால் எங்களுக்கு ஒரு வாரம் ரொம்ப நீளம்.

குடியாத்தத்திலிருந்து கம்பெனி வேனில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு 11 வருஷமாகப் போய்வருகிறேன், தையல் பிரிவு. துணியில் தப்பானால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை அப்படியே நிற்கும், அந்தத் துண்டு வீண்தான். அதனால் சின்ன நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். மணிக்கு எத்தனை ஜோடி, எங்கே தையல் விட்டது, எப்போது ஊசி மாற்றினேன். ஒரு மாசம் எழுதியதும் தெரிந்தது, என் தப்பில் பாதிக்கு மேல் சாப்பாட்டு மணிக்கு முந்தைய அரை மணி நேரத்தில். இப்போது அந்த நேரத்தில் வளைவுத் தையலைத் தொடுவதில்லை.

அப்புறம், தப்பை உடனே சொல்லிவிட வேண்டும். போன தீபாவளிக்கு முன்னால் நூல் நிறத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். 6 ஜோடியிலேயே சூப்பர்வைசர் அக்காவிடம் சொன்னேன். திட்டினார். ஆனால் அடுத்த மேசைக்குப் போகவிடாமல் நிறுத்திவிட்டார். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு நோட்டு வாங்கிக் கொடுக்கிறேன்.