பிங்க் சீட்டில் முதல் பெயர்

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே, அன்று பெரியம்மாவை ஓட்டுச்சாவடிக்குக் கூட்டிப்போனது நான்தான். ஆளுக்கு நான்கு சீட்டு. ஊராட்சித் தலைவர் பதவிக்கு பிங்க் சீட்டு, அதில் கட்சிச் சின்னமே கிடையாது. எங்கள் தெருவில் நின்ற ஒரு பெண்ணுக்குத்தான் போடுவேன் என்று பெரியம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் முகமே சரியில்லை. "சின்னம் மறந்துபோச்சு கண்ணு, கண்ணாடியும் எடுத்துட்டு வரல, பின்னால ஆளுக நிக்கறாங்க, மேல இருந்ததுல குத்திப்போட்டு வந்துட்டேன்."

அந்தப் பெண்ணின் பெயர் வ-வில் தொடங்கும். சீட்டில் அகரவரிசை, அதனால் அவருக்குக் கடைசிக்கு முந்தின இடம். தோற்றது கொஞ்ச ஓட்டில்தான்.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பகுதிக்குப் பகுதி பெயர் வரிசையை மாற்றித்தான் சீட்டு அடிப்பார்கள். அங்கே 1992-இல் நடந்த 118 போட்டிகளை ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட பாதிப் போட்டிகளில் வரிசை ஓட்டை மாற்றியிருந்தது, மேலே இருந்தவருக்கு சராசரியாக இரண்டரை சதவீதம் கூடுதல். வேட்பாளரைப் பற்றி அதிகம் தெரியாத இடத்தில், கட்சி அடையாளம் இல்லாத இடத்தில்தான் இது கூடுதலாக வேலை செய்கிறது. நம் பிங்க் சீட்டு அப்படியே அதுதானே?

சட்டமன்றம், நாடாளுமன்றத் தேர்தலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. ஒரு இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 இடம்தான், ஆள் கூடினால் நல்ல சுயேச்சை ஒருவர் இரண்டாவது பெட்டிக்குப் போய்விடுவார். 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1033 பேர் நின்றபோது சீட்டே புத்தகமாக வந்தது, 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை.

அகரவரிசை எல்லோருக்கும் ஒரே விதிதானே என்பார்கள். விதி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் அருணாசலம் மேலே, வேலுச்சாமி கீழே. 1937-இல் ஆஸ்திரேலிய செனட் தேர்தலில் லேபர் கட்சி நியூ சவுத் வேல்ஸில் நிறுத்திய நான்கு பேருக்குமே ஆங்கில 'ஏ'-வில் தொடங்கும் பெயர், நான்கு பேருமே ஜெயித்தார்கள். அதற்கப்புறம்தான் அங்கே குலுக்கல் முறைக்கு மாறினார்கள். அந்த நாட்டின் டாஸ்மேனியா மாநிலத்தில் 1980 முதல் சீட்டுக்குச் சீட்டு பெயர் வரிசையை மாற்றியே அச்சடிக்கிறார்கள்.

இங்கே இயந்திரம் பட்டன் எண்ணை வைத்துத்தான் கணக்குச் சொல்லும், சாவடிக்குச் சாவடி மாற்றினால் எண்ணும் இடத்தில் ஏஜென்ட்டுகள் சண்டைக்கு நிற்பார்கள், அது புரிகிறது. சரி, தொகுதிக்கு ஒரு குலுக்கல் போடலாமே? ஒரே சின்னத்தை இரண்டு சுயேச்சைகள் கேட்டால் குலுக்கல்தான் போடுகிறோம், இரண்டு பேருக்கும் சம ஓட்டு விழுந்தாலும் குலுக்கல்தான். வரிசைக்கு மட்டும் ஏன் கூடாது?

ஊராட்சியில் இன்னும் சீட்டுதான், கையால்தான் எண்ணுகிறோம், அங்கே கட்டுக்குக் கட்டு வரிசையை மாற்றியே அச்சடிக்கலாம். பிரிப்பதற்குக் கொஞ்சம் நேரம் கூடும், கூடட்டும். இதைப் படிப்பவர்களில் தேர்தல் பணி பார்த்த ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், இதில் நடைமுறைச் சிக்கல் வேறு என்ன வரும் என்று கீழே எழுதுங்கள். மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதையும் சேர்த்தே அனுப்புகிறேன்.