நடக்க முடியாததால் வாங்கிய கார்

மேடவாக்கத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிண்டியில் இருக்கும் அலுவலகம் சுமார் 13 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்; திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிளம்பினால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சென்னையில் கார் வாங்குகிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், பகட்டுக்காக வாங்குகிறார்கள் என்று ஒரு சாராரும், பேருந்தும் ரயிலும் போதவில்லை, வேறென்ன செய்வார்கள் என்று இன்னொரு சாராரும் சொல்வது வழக்கம். என் விஷயத்தில் இரண்டுமே பொருந்தாது. வீட்டுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே உள்ள 600 மீட்டரை நடந்து கடக்க முடியாமல்தான் நான் கார் வாங்கினேன்.

அந்த 600 மீட்டரைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். சாலையோரத்தில் மழைநீர் வடிகால் ஓடுகிறது. அதன்மேல் போட்டிருக்கும் சிமெண்டுப் பலகைகள்தான் நடைபாதை. பலகைகள் ஒரே மட்டத்தில் இல்லை, இரண்டு இடங்களில் பலகையே இல்லை. சற்றுத் தள்ளி மின்மாற்றி ஒன்று நடைபாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கினால், பின்னால் வருகிற தண்ணீர் லாரியின் ஆரன் காதைப் பிளக்கும். 2022 ஐப்பசி மழையில் ஒருநாள் மாலை, காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்த அம்மாவின் கால் இரண்டு பலகைகளுக்கு நடுவே இறங்கிவிட்டது. கணுக்காலில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரிப்பதற்கு முன்பே கார்க் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மாவை மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அழைத்துப் போவதற்காக வாங்கிய வண்டிதான் அது. ஆனால் மாதாமாதம் தவணையையும் கட்டிவிட்டு, வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போக எவருக்குத்தான் மனம் வரும்?

காருக்குள் உட்கார்ந்துவிட்டால் சௌகரியம் என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்காலில் ஒரு வலி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. சிக்னலில் சிவப்பு விழுந்ததும், இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் அதற்குள் இரு சக்கர வண்டிகள் புகுந்து முன்வரிசைக்குப் போய்விடுகின்றன. பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கிக்கொள்ளாவிட்டால் அது பிழைக்காது. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஓர் ஆள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் என் கார் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவர்களில் நான்கு பேராவது நின்றுவிடலாம். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைக்கிற ஒரே ஆறுதல் பள்ளிக்கரணை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலத்தின் ஓரமாக வண்டி ஊர்ந்து செல்லும்போது, குளிர் மாதங்களில் பூநாரைகள் தண்ணீரில் நிற்பதைக் கண்ணாடி வழியே நிதானமாகப் பார்க்கலாம். சாலை காலியாக இருந்தால் அது வாய்க்காது.

நெரிசலுக்கு நமக்குத் தெரிந்த ஒரே மருந்து மேம்பாலம். 1973இல் ஜெமினியில் கட்டியது முதல் இந்த வைத்தியம்தான் நடக்கிறது. மேடவாக்கத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி 2022இல் திறந்தார்கள். வேளச்சேரி விஜயநகர் சந்திப்பில் இரண்டு அடுக்குப் பாலமே வந்துவிட்டது. சந்திப்பைக் கடக்கும் நேரம் குறைந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேடவாக்கத்தில் எனக்கு மிச்சமாகிற பத்து நிமிடத்தைக் குருநானக் கல்லூரியை ஒட்டி நீளும் வரிசையில் வட்டியோடு திருப்பிக் கட்டிவிடுகிறேன், ஏனென்றால் பாலம் வாகனங்களைக் குறைப்பதில்லை, அவற்றை அடுத்த சிக்னலுக்குச் சீக்கிரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை அந்த மேம்பாலத்தின் ஓரமாக வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார்கள். எல்லோரும் சிரித்தோம், எனக்கென்னவோ அந்தப் பாலம் அதுவரை செய்த வேலைகளிலேயே உருப்படியானது அதுதான் என்று பட்டது.

யூ-டர்ன் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிக்னலில் வண்டிகள் தேங்குகின்றன என்பதற்காகப் பல சந்திப்புகளைத் தடுப்பு வைத்து அடைத்துவிட்டு, இடதுபுறம் போய்த் திரும்பி வரச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்யும் கூடம் எங்கள் பிரதான சாலையின் எதிர்ச்சாரியில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காரில் அங்கே போக ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நடந்து போகலாம்தான், ஆனால் நடுவில் இடுப்பளவுச் சுவர், அதில் இடைவெளியே கிடையாது. ஒரு சாலையைக் குறுக்கே கடப்பதற்காகக் காரைக் கிளப்புகிற ஊரில், அப்படிக் கிளப்பிய கார்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சாலையின் நெரிசல் ஆகின்றன.

சாலைகளை அகலப்படுத்த வேண்டும், பாலங்கள் கட்ட வேண்டும் என்பவர்களோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். நடப்பதற்கு வழியில்லாததால் பிறக்கிற கார்களை, கார்களுக்கு மேலும் வழி விடுவதால் குறைக்க முடியாது. இது யாருக்கும் தெரியாத இரகசியமும் அல்ல. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014இலேயே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது அது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தபோது, வியாபாரம் படுத்துவிடும் என்ற பேச்செல்லாம் போய், மாலை வேளைகளில் அங்கே குடும்பங்கள் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாண்டி பஜார் நகரத்தின் நடுவீடு, நாங்கள் கொல்லைப்புறம். 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோதுகூட மேடவாக்கம் எல்லைக்கு வெளியேதான் நின்றது. அடுக்குமாடிகள் மட்டும் எல்லை பார்க்காமல் வந்துவிட்டன.

மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை போகும் மெட்ரோ எங்கள் வழியாகத்தான் வருகிறது. இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரில் அதன் பங்கு ஏறத்தாழ 47. தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன, அதற்காகச் சாலை சுருங்கியதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நிலையம் திறந்த பிறகும் அந்த 600 மீட்டர் இப்படியே கிடந்தால் அம்மா அங்கே போய்ச் சேர மாட்டார் என்பதுதான் என் கவலை. நான் காரில் கொண்டுபோய் விட வேண்டும், பிறகு அந்தக் காரை எங்கே நிறுத்துவது?

நிறுத்துவது என்றதும் என் பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். என்னிடம் அப்படி ஒருவர் கேட்டிருந்தால் நான் கார் வாங்கியிருக்கவே முடியாது. இரண்டரை ஆண்டுகளாக என் கார் வீட்டுக்கு வெளியே, பாதி சாலையிலும் பாதி வடிகால் பலகையின் மேலுமாக நின்றுகொண்டிருந்தது. மின்மாற்றியைத் திட்டிக்கொண்டே அதே நடைபாதையில் இன்னொரு மின்மாற்றியாக நானே வண்டியை நட்டு வைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. போன மாதம், நடைக்கோலோடு வரும் எதிர்வீட்டுப் பெரியவர் காரைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கியதையும், ஓர் ஆட்டோ அவரை உரசுவதுபோல் வந்து நின்றதையும் மாடியிலிருந்து பார்த்தேன்.

அன்று மாலையே மோட்டார் பம்பை ஒட்டியிருந்த துளசி மாடத்தையும் பழைய சைக்கிளையும் நகர்த்திவிட்டுக் காரை உள்ளே ஏற்றினேன். முன்புறம் வாசற்படியை முட்டிக்கொண்டு நிற்கிறது. பின்புறம் ஒரு முழம் இடிப்பதால் கேட்டை முழுவதுமாகச் சாத்த முடியவில்லை, கயிறு கட்டி வைத்திருக்கிறேன். வாசலுக்கு வந்துபோகப் பக்கவாட்டில்தான் திரும்ப வேண்டியிருக்கிறது என்று அம்மா தினமும் சொல்கிறார்.