ஹெபடைட்டிஸ் சி: ‘பாசிட்டிவ் வந்தால் ஆயுள் முழுக்க நோயாளி’ என்பது தவறு

“ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ் என்றால் கல்லீரல் போய்விட்டது என்று அர்த்தம், மருந்தும் கிடையாது” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே உண்மையில்லை.

ஹெபடைட்டிஸ் சி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் தொற்று. முதலில் எடுக்கும் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை, அதற்கு எதிராக உடல் உருவாக்கிய ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. வைரஸ் போன பிறகும் ஆன்டிபாடி பல வருடம் ரத்தத்தில் இருக்கும். தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு சிகிச்சை இல்லாமலே ஆறு மாதத்துக்குள் வைரஸ் நீங்கிவிடுகிறது. அதனால் அடுத்து ஆர்.என்.ஏ. பரிசோதனை கட்டாயம் வேண்டும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்பதை அதுதான் சொல்லும்.

இருந்தால்? பெரும்பாலும் 8 அல்லது 12 வாரம் மாத்திரை. 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் குணமாகிறார்கள். பழைய இன்டர்ஃபெரான் ஊசியும் அதன் கடுமையான பக்கவிளைவுகளும் இன்று பெரும்பாலானோருக்குத் தேவையே இல்லை. இவ்வளவு நல்ல மருந்து இருக்கும்போது பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது மனதுக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

சரி, மருத்துவரிடம் என்ன பேச வேண்டும்? நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள். வலிப்புக்கான சில மாத்திரைகளும் இதயத் துடிப்புக்கான அமியோடரோனும் இந்தச் சிகிச்சையோடு ஒத்துப்போகாது. ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையையும் முன்பே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் சிகிச்சையின்போது அது மறுபடி தலைதூக்கலாம். கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்றும் கேளுங்கள். சிரோசிஸ், அதாவது கல்லீரல் கடுமையாகத் தழும்பேறிய நிலை இருந்தால், வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டும்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லையென்றால், குணமாகிவிட்டது.