அறிக்கையின் தேதி என்ன?

சுகாதாரத் தாக்க மதிப்பீட்டால் உள்ளாட்சி முடிவுகள் மாறுகின்றனவா என்று யாராவது கேட்டால், நான் முதலில் விசாரிப்பது அறிக்கையின் தேதியைத்தான். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் பேசலாம். பின்பு என்றால், எவ்வளவு அக்கறையோடு எழுதியிருந்தாலும் அது கோப்பில் கட்டி வைக்கத்தான் உதவும்.

சாலை, குடியிருப்பு, குப்பைக் கிடங்கு, பஸ் தடம் என எதைப் பற்றி முடிவெடுப்பதானாலும், அது மக்களின் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கும், யாரைக் கூடுதலாகப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய்வதுதான் இந்த மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மையம் 1999இல் வெளியிட்ட கோதன்பர்க் ஆவணம் இந்த இரண்டாவது கேள்வியையும் வரையறையிலேயே சேர்த்தது. சராசரிக் கணக்கில் நன்மையாகத் தெரியும் ஒரு சாலை, அதன் ஓரத்தில் வாழும் ஆஸ்துமாக் குழந்தைக்குக் கேடாக முடியலாம். சராசரி அந்தக் குழந்தையைக் காட்டாது.

சான் பிரான்சிஸ்கோவின் டிரினிட்டி பிளாசாவை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட 360 வீடுகளை இடித்துவிட்டுப் புதிய அடுக்குமாடிகள் எழுப்பும் திட்டம் அங்கே 2003இல் வந்தது. குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். நகரின் சுகாதாரத் துறை அவர்கள் சொன்னதை உடல்நல மொழியில் எடுத்து வைத்தது: வெளியேற்றப்படுபவர்கள் நெரிசலான, பழுதான வீடுகளுக்குத் தள்ளப்படுவார்கள், மன அழுத்தம் கூடும், ஆபத்துக்கு உதவும் அக்கம்பக்கத்து உறவுகள் அறுந்துபோகும். திட்ட ஆய்வு இதையும் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில், இடிக்கப்படும் வீடுகளுக்கு ஈடாக அதே வாடகைக் கட்டுப்பாட்டில் 360 வீடுகள் தரக் கட்டுமான நிறுவனம் இசைந்தது. அறிக்கை தனியாக இதைச் சாதித்துவிடவில்லை. வாடகைதாரர்கள் அணிதிரண்டு நின்றார்கள், அவர்கள் கையில் அது ஆதாரமாக இருந்தது. முடிவு இன்னும் உறுதியாகாத நேரத்தில் கிடைத்ததுதான் அதன் பலம்.

ஐரோப்பிய அனுபவங்களைத் தொகுத்த 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, இத்தகைய மதிப்பீடுகளின் விளைவை நான்கு வகையாகப் பிரித்தது. முடிவு மாறுவது ஒன்று. முடிவு மாறாவிட்டாலும் பரிந்துரைகள் முறையாகப் பரிசீலிக்கப்படுவது இன்னொன்று. எந்த விளைவும் இல்லாமல் போவதும் உண்டு. என்னைக் கோபப்படுத்துவது மீதமுள்ள வகை: முடிவுக்குத் துணை நிற்கும் என்று தெரிந்தே நடத்தப்படும் மதிப்பீடு. வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் வெற்றி போலத்தான் தெரியும்.

சட்டம் இருந்தால் போதுமா? தாய்லாந்தில் 2009இல், அரசியலமைப்பு கோரிய சுகாதார மதிப்பீடும் மக்கள் கருத்துக்கேட்பும் நடக்கவில்லை என்று மாப் தா புட் தொழிற்பகுதியின் 76 திட்டங்களை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மேல்முறையீட்டில் 11 திட்டங்களுக்குத்தான் விலக்கு கிடைத்தது. சட்டத்துக்குப் பல் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மதிப்பீட்டை நடத்த வைப்பது வேறு, அதற்குச் செவிசாய்க்க வைப்பது வேறு.

காலதாமதம் ஆகும் என்கிறவர்களுக்கு ஒன்று: எந்தத் திட்டத்துக்கு முழு ஆய்வு தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரிப்பதுதான் இந்த முறையின் முதல் படியே. சிறிய திட்டங்களுக்குச் சுருக்கமான ஆய்வே போதும்.

நான் கேட்பது இதுதான். மதிப்பீட்டின் ஒவ்வொரு பரிந்துரைக்கும் உள்ளாட்சி மன்றம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்: ஏற்கிறோம், அல்லது இன்ன காரணத்தால் மறுக்கிறோம். வாக்கெடுப்புக்கு முன்பே, அந்தத் திட்டத்தால் பாதிக்கப்படப் போகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், அந்தப் பதில் வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும்.